மிச்ச நாலு மாத்திரை

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை அவளுக்கு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும், எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் சொல்ல வேண்டும். அவள் ‘மூன்றாவது மேடை’ என்று சொன்னால் இருநூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மேடைக்கு ஓடுவார்கள். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூடக் கூண்டுப் பக்கம் வந்து “நிஜமாவா?” என்று கேட்டதில்லை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் கணீர். அதனால் சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் அவள் சிட்டு.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு போல்ட்டை முடுக்கினால், அதைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். “நான் சும்மா நம்பிட்டுப் போனா மேல இருக்கறவன் ஒரே நிமிஷத்துல கீழ வந்துருவான்” என்பது அவன் எல்லா விசேஷ வீட்டிலும் சொல்லும் ஜோக். சிட்டு அதை நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும் சிரித்திருப்பாள்.

கல்யாணமாகி மூன்றாவது வருடம் முதல் கர்ப்பம் தங்கியது, மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு பல்வலிக்கு அவள் ஒரு மாத்திரை போட்டிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் பார்க்க வந்த நாத்தனார், “அந்த மாத்திரையை மட்டும் போடாம இருந்திருக்கலாம்” என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, வாயில் வந்ததைச் சொன்னாள். டாக்டர் சொன்னது காதோடு போயிற்று. நாத்தனார் சொன்னது உள்ளே இறங்கிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது மாத்திரை அட்டையைப் பார்த்தாலே சிட்டுவுக்கு நாத்தனார் சொன்னதுதான் காதில் கேட்டது. இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்று எழுதிக்கொடுத்தார்கள். அவள் அதைப் போடவில்லை. போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஐந்தாம் மாதம் கணவன் அலமாரியைத் துடைக்கும்போது காலியான பவுடர் டப்பா ஒன்று கையில் கலகலவென்று பேசியது. திறந்து கட்டிலில் கொட்டினான். இருபத்து மூன்று மாத்திரைகள். அவன் கத்தவில்லை. ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினான்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“பயமா இருந்துச்சுங்க.”

“மாத்திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?”

அவள் அழுதாள். இனி ஒரு மாத்திரையும் ஒளிக்க மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னாள். சொன்னபடியே நடந்துகொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் எதிரிலேயே போட்டுக்கொண்டு “ஆ” என்று வாயைத் திறந்து காட்டுவாள். “இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுது, லிஃப்ட் ஓடலாம்” என்பான் அவன். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

ஏழாம் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நிலையத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்த வாரம் அது. மதியத்துக்குள் உடம்பு அனலாகி, எலும்பெல்லாம் யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலித்தது. அவள் வழக்கமாகப் பார்க்கும் வயதான பெண் டாக்டர் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்.

“ஃப்ளூதான். மத்தவங்களுக்கு இது சளி, காய்ச்சல். உனக்கு அப்படி இல்லை. வயித்துல பிள்ளை இருக்கறப்போ நுரையீரலுக்கு இடமும் கம்மி, எதிர்ப்பும் கம்மி. பத்து மாத்திரை தர்றேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அஞ்சு நாள். இன்னிக்கே ஆரம்பிக்கணும்.”

சிட்டு அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உன் பயம் எனக்குத் தெரியும். இந்த மாத்திரையைப் பார்த்துப் பயப்படாதே, காய்ச்சலைப் பார்த்துப் பயப்படு. புரியுதா?”

அவளுக்குப் புரிந்தது. அன்று சாயங்காலமே முதல் மாத்திரையைப் போட்டாள். கணவன் அப்போது வேலையிலிருந்து திரும்பவில்லை. புதிதாகக் கட்டிய பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருந்தான். அந்த வாரம் முழுக்க விடியுமுன் போய் இருட்டிய பிறகுதான் வந்தான். அவன் வரும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள்.

வியாழக்கிழமை மதியம் குளியலறைக்குப் போய்விட்டுக் கட்டிலுக்குத் திரும்புவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவனுக்குப் போன் செய்தாள்.

“ஒரு மாதிரி இருக்குங்க. மூச்சே பத்தல.”

பின்னால் இரும்பை இரும்பு உரசும் சத்தம். “இப்பதான் கயிறு ஏத்தி பாதியில நிக்குது. விட்டுட்டு வந்தா எவனாவது சாவான். மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“அப்போ கேட்கும். சாயங்காலம் வந்துடறேன்.”

சாயங்காலம் வந்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பணியிலிருந்த இளம் டாக்டர் கேள்வி கேட்டுக்கொண்டே எழுதினார். எப்போது காய்ச்சல், என்ன மருந்து, எத்தனை போட்டாச்சு. சிட்டு விரல்களைக் காட்டினாள். ஆறு. கைப்பையிலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆறு குழி காலி, நான்கில் மாத்திரை.

“மூணு நாளா மருந்து போட்டும் இவ்வளவு மோசமாகியிருக்கே?” என்றார் டாக்டர், தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல.

அப்போதுதான் கணவன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கட்டிலுக்கும் அவனுக்கும் இரண்டடிதான்.

“டாக்டர், அட்டை காலியா இருக்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. இவ மாத்திரையை ஒளிச்சு வைக்கற ஆளு. முன்னாடி இருபத்து மூணு எடுத்தேன்.”

சிட்டு முகமூடியைக் கையால் விலக்கினாள். “முழுங்கினேன்.”

“சிட்டு, இது விளையாடற நேரம் இல்ல. டாக்டருக்குச் சரியாத் தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ணுவாங்க? உண்மையைச் சொல்லு.”

“முழுங்கினேங்க.”

டாக்டர் இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்: ‘வீட்டில் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை எனக் கணவர் கூறுகிறார்.’

அன்று பதினொரு மணிக்கு, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு நர்ஸ் வந்தாள். கர்ப்பிணிகள் உடம்பில் இந்த ஃப்ளூ மருந்து எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஒரு ஆய்வு நடக்கிறது, அன்று நான்கு தடவை கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும், விருப்பமிருந்தால் மட்டும் போதும் என்றாள். “மாத்திரை கடைசியா எத்தனை மணிக்குப் போட்டீங்கம்மா?” என்று கேட்டாள். ஏழு மணி என்று சிட்டு சொன்னாள். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அது போதும் என்றிருந்தது சிட்டுவுக்கு. மூச்சு வாங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

சாயங்கால மாத்திரையை வார்டு நர்ஸ் நின்று கொடுத்தாள். “வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க.” சிட்டு வாயைத் திறந்தாள். கணவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை மூச்சுக்குழாய் வைத்து மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். அன்று பிற்பகல் குழந்தையின் துடிப்பு நின்றது. ஞாயிறு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. திங்கள்கிழமை அவனும் அவன் அக்காவின் கணவரும் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். சிட்டு கண் திறந்தது புதன்கிழமை. கை முதலில் வயிற்றுக்குத்தான் போனது.

வீட்டுக்கு வந்து முதல் இரண்டு வாரம் கணவன் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. துணி துவைத்தான், சமைத்தான், தலை வாரிவிட்டான். ஒரு நாள் மதியம் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

“உன்மேல எனக்குக் கோவம் இல்ல சிட்டு.”

“எதுக்குக் கோவம்?”

“பயத்துல பண்ணிட்டே. வேணும்னேவா பண்ணினே? நான் மன்னிச்சுட்டேன். நீயும் உன்னை மன்னிச்சுக்கோ. அவ்வளவுதான்.”

அவள் டம்ளரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். அடித்திருந்தால்கூட ஊரைக் கூட்டலாம். செய்யாத தப்புக்கு ஒருவன் கண்ணீரோடு மன்னித்தால் என்ன செய்வது?

“நான் முழுங்கினேன்” என்றாள்.

“சரிம்மா” என்றான், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் சொல்வதுபோல.

அந்த ‘சரிம்மா’ குடும்பம் முழுக்கப் பரவியது. நாத்தனார் வந்து, “விடுடி, யாருக்குத்தான் பயம் இல்ல. போனது போச்சு” என்று தலையைத் தடவினாள். பக்கத்து வீட்டுக்காரி முகத்திலும் அந்தப் பரிவு தெரிந்தது. எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். ஒருவரும் அவளை நம்பவில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது ஆறு மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பாள். செவ்வாய் சாயங்காலம், சமையலறைக் குழாயடியில் நின்றுகொண்டு. புதன் காலை, கட்டிலில், தண்ணீர் கழுத்தில் வழிந்து நைட்டி நனைந்தது. புதன் சாயங்காலம், ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பத் தெரியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். வியாழன் காலை, முழுங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள். வியாழன் சாயங்காலம். வெள்ளி காலை, அவன் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தபோது. எல்லாம் இருந்தது. ஆனால் ஆறாவது முறை, பத்தாவது முறை நினைக்கும்போது, வியாழன் காலை அடக்கினேனா, வாந்தி எடுத்தேனா என்று குழம்பிவிடும். எழுந்து போய்ப் பவுடர் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். காலியாகத்தான் இருக்கும். பூந்தொட்டி மண்ணைக்கூட ஒரு நாள் கிளறினாள். அதை அவளுக்கு முன்பே யாரோ கிளறியிருந்தார்கள்.

வேலைக்குத் திரும்பி ஒரு மாதமான பிறகு, சங்கிலிக் கண்ணாடி நர்ஸிடமிருந்து போன் வந்தது. தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“உங்களுக்கு நடந்தது தெரியும்மா. கேட்கவே மனசு வரல. ஆய்வுல இன்னொரு பாதி இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு பழையபடி ஆனதும், அதே மாத்திரையை ரெண்டு மூணு நாள் கொடுத்து, அதே மாதிரி ரத்தம் எடுத்துப் பார்க்கணும். முடியாதுன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“அன்னிக்கு எடுத்த ரத்தம் இன்னும் இருக்கா?” என்றாள் சிட்டு.

“சோதிச்சு முடிவே வந்தாச்சும்மா.”

“நான் வர்றேன்.”

கணவனிடம் சொல்லவில்லை. நர்ஸ் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் போட்டாள். நிலையத்தில் லீவு சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆய்வுப் பிரிவில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் ரத்தம் எடுத்துக் குழாயில் நேரத்தை எழுதினாள். வேறு பேச்சில்லை. கடைசிக் குழாய்க்குப் பஞ்சு வைத்து அழுத்தும்போது சிட்டு கேட்டாள்.

“என் ரெண்டு முடிவையும் நான் பார்க்கணும். முடியுமா?”

தனித்தனியாக ஆட்களுக்குச் சொல்வது வழக்கமில்லை என்றாள் நர்ஸ். ஆனால் போய்க் கேட்டாள். மூன்று வாரம் கழித்து ஆய்வு டாக்டரே கூப்பிட்டு அனுப்பினார். உயரமான மனிதர். மேசையில் பாதி சாப்பிட்ட சாப்பாட்டு டப்பாவை மூடி நகர்த்திவிட்டு ஒரு தாளை வைத்தார். தாளில் இரண்டு கோடுகள். இரண்டும் ஏறி இறங்கின. ஒன்று மேலே, ஒன்று கீழே.

“மேல இருக்கறது இப்போ எடுத்தது. கீழ இருக்கறது அப்போ எடுத்தது. ஒரே ஆள், ஒரே மாத்திரை.”

“ஏன் கீழ இருக்கு? நான் சரியாப் போடலையா?”

“இல்லம்மா, அதில்ல. வயித்துல பிள்ளை இருக்கறப்போ உடம்புல ரத்தம் நிறைய ஊறும். கிட்னி ரெண்டு பேரோட கழிவையும் சேர்த்து வெளியேத்தணும், அதனால வேகமா ஓடும். அந்த வேகத்துல மருந்தையும் சீக்கிரமா வெளிய தள்ளிடும். நிறையக் கர்ப்பிணிகளுக்கு இப்படித்தான் வருது. உங்க கோடும் அவங்க கோடும் ஒண்ணு மேல ஒண்ணு வச்ச மாதிரி இருக்கு.”

சிட்டு இரண்டு கோடுகளுக்கும் நடுவிலிருந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கிட்னிக்கு அவசரமில்லை. ஒரு ஆளுக்கு வேலை பார்த்தால் போதும். அந்த இடத்தில் விரலை வைத்தாள். நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவள் கேட்டாள். “மருந்து குறைஞ்சு போனதாலதான் என் பிள்ளை போச்சா?”

“தெரியாது” என்றார் டாக்டர். “அப்படின்னு சொன்னா பொய். அப்படி இல்லைன்னு சொன்னாலும் பொய். இந்த அளவே போதும்னு சிலர் சொல்றாங்க, கூட்டணும்னு சிலர் சொல்றாங்க. கடுமையான காய்ச்சல். மருந்து சரியா நின்னாலும் சில பேரைக் காப்பாத்த முடியல. உங்க ரத்தம் மாதிரி நிறையப் பேரோடது சேர்ந்தாத்தான் ஒருநாள் தெரியும்.”

“நான் முழுங்கினேன்னு இதுல இருக்கா?”

அவர் அவளுடைய கேஸ் ஷீட்டைப் படித்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

“வெள்ளிக்கிழமை காலையில போட்டது சந்தேகமே இல்லாம இருக்கு. அது ஒண்ணு மட்டும் இருந்தா இவ்வளவு இருக்காது. வியாழக்கிழமை சாயங்காலமும் போட்டிருக்கீங்கன்னு தோணுது. அதுக்கு முன்னாடி…” கையை விரித்தார். “ரத்தத்துக்கு ஞாபகசக்தி ஒரு நாள், ஒன்றரை நாள்தான்மா. செவ்வாய், புதனெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“அப்போ ரெண்டு.”

“ரெண்டு.”

“மிச்ச நாலு?”

“அதுக்கு நீங்கதான்.”

அவளுடைய கேஸ் ஷீட்டில் கணவர் கூற்று என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்க்கச் சொன்னாள். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை அவளிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். தாள்களை அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தான். புரியவில்லை, மறுபடி படித்தான். அவள் கோடுகளைக் காட்டி, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அறிவிப்புச் சொல்வதுபோலத் தெளிவாக, நிதானமாகச் சொன்னாள்.

அவன் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்போ நீ நிஜமாவே…”

“நிஜமாவே.”

முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியிலும் அடக்கம் செய்த அன்றும் அழாதவன் என்று நாத்தனார் சொல்லியிருந்தாள். “நான் பாவி” என்றான். “அக்காகிட்டச் சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்றேன். இந்தா, இப்பவே.” போனைத் தேடினான்.

“இருங்க. இன்னும் முடிக்கல.”

அவன் நிமிர்ந்தான்.

“இந்தத் தாள் ரெண்டு மாத்திரைக்குத்தான் சாட்சி. வெள்ளி காலை ஒண்ணு, வியாழன் சாயங்காலம் ஒண்ணு. மிச்ச நாலைப் பத்தி ரத்தத்துக்குத் தெரியாதாம். அது நான் சொல்றதுதான்.”

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள். சொல்லாமல் விட்டால் மறுபடி ஒளித்ததாக ஆகும்.

கணவன் அவளைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். கண் அந்தக் கோடுகளின் ஆரம்பத்துக்குப் போய், அங்கே எதையோ தேடி, திரும்பி வந்தது. அவ்வளவு நேரம்தான். முடுக்கிய போல்ட்டைக் கையால் அசைத்துப் பார்க்கும் நேரம்.

“நம்பறேன் சிட்டு” என்றான்.

“ம்” என்றாள் அவள். தாள்களை மடித்து எடுத்துக்கொண்டாள்.

“நான் சொன்னப்போ நம்பல. ரத்தம் சொன்னதும் நம்பறீங்க. ரத்தமும் சொல்லாததை என்ன பண்ணுவீங்க?”

“அதான் நம்பறேன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

சண்டை எதுவும் நடக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு ஒரு அறைக்குக் குடிபோனாள். “கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்” என்றாள். அவன் பெட்டியை மாடி வரை தூக்கிவந்து வைத்தான். அறையில் ஜன்னல் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று அதைச் சரிசெய்துவிட்டுப் போனான். பிரிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது மாதம் ஒரு பகலில், அவள் வேலை முடியும் நேரம் பார்த்து நிலையத்து வாசலில் நின்றிருந்தான். தாடி விட்டிருந்தான். இரண்டு சுற்று இளைத்திருந்தான். அருகிலிருந்த பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் ஒத்திகை பார்த்து வந்தவன்போலப் படபடவென்று பேசினான்.

“அன்னிக்கு வியாழக்கிழமை நீ போன் பண்ணினே. மூச்சு முட்டுதுன்னு சொன்னே. நான் வரல. கயிறு பாதியில நிக்குதுன்னு சொன்னேனே, அது பொய் இல்ல. ஆனா இன்னொருத்தன் இருந்தான், அவன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கலாம். வந்து உடனே கூட்டிட்டுப் போயிருந்தா ஒரு நாள் முந்தியிருக்கும். நீ மாத்திரை போடலைன்னு ஆயிட்டா, நான் வராதது பெரிசில்லைன்னு ஆயிடும். எனக்கு அது வேண்டியிருந்துச்சு சிட்டு. நீ போட்டிருக்கன்னு உள்ளுக்குள்ள எங்கியோ தெரியும். தெரிஞ்சா நான் உயிரோட இருக்க முடியாது. அதனால தெரிஞ்சுக்கல.”

சிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் போனைப் பத்தி நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டேனா?” என்றாள்.

“கேட்கல.”

“கேட்கணும்னு ஒரு நாளாவது முகத்துல காட்டினேனா?”

“இல்ல.”

“ஏன்னு நினைச்சீங்க?”

அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்து அவன் முதுகில் வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. குழந்தைக்காக இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது அன்றுதான். எதிரே ஒரு தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, இவர்களைப் பார்த்ததும் பார்க்காததுபோல வேறு பாத்திக்குப் போனார்.

அழுது ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு அவள் கேட்டாள்.

“பாப்பாவை நான் பார்க்கவே இல்ல. நீங்க மட்டும்தான் பார்த்தீங்க. எப்படி இருந்தா?”

அவன் மூக்கை உறிஞ்சினான். “போட்டோ எடுக்கட்டுமான்னு நர்ஸ் கேட்டாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். அதுக்கும் நான்…”

“அது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.”

அவன் உள்ளங்கையை விரித்து, இன்னொரு கையால் முழங்கை வரை அளந்து காட்டினான். “இவ்வளவுதான் இருந்தா. முடி நிறைய. நெத்தி உன்னுது. நெத்தியில கோவப்படற மாதிரி ஒரு சுருக்கம்.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சு. இமை முடி இருந்துச்சு. அதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.”

“வாய்?”

“சின்னதா. கீழ் உதடு கொஞ்சம் உள்ள மடிஞ்சிருந்துச்சு. நீ யோசிக்கறப்போ வச்சுக்குவியே, அப்படி.”

அவன் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “நிஜமாவா?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் நிறுத்தியபோது மட்டும், “விரல் எப்படி?” என்றாள்.

“நீளம்” என்றான். “அவ்வளவு சின்னக் கைக்கு நல்ல நீளம்.”